காய்ந்தும் பெய்தும்

வான்சிறப்பு அதிகாரத்துக்கு உரை எழுதப் புகுந்த பரிமேலழகர், உலகத்தாரைக் கெடுப்பதும் மழையே, கெட்டவர்களைத் தூக்கி நிறுத்துவதும் மழையே என்னும் கருத்தமைந்த குறளுக்கு வந்தபோது, மழை கெடுப்பது எங்ஙனம் என்பதற்குப் பெய்யாமல் நின்று கெடுப்பது என்று ஒரே வழியைத்தான் காட்டிச் சென்றார். அவர் காஞ்சிபுரத்தில் வாழ்ந்தவர் என்பது மரபு. அது உண்மையாயின், வருஷத்தில் பெரும்பகுதி மணலாகவே கிடக்கும் பாலாற்றையும், வானத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கும் ஏரிகளையும் கண்டு வளர்ந்த ஒருவருக்கு, மழையினால் வரும் கேடு என்றவுடன் மழையின் இன்மையே முதலில் தோன்றியதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. ஆனால் அதே குறளையும் அதே உரையையும் தலைஞாயிற்றுப் பக்கத்திலோ திருத்துறைப்பூண்டிப் பக்கத்திலோ உள்ள ஒரு சம்பா விவசாயிக்குக் கார்த்திகை மாதத்தில் படித்துக் காட்டினால், இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு அவர், “பெய்து கெடுக்கிறதை ஏன் ஐயா விட்டுவிட்டார்?” என்றுதான் கேட்பார். உரையாசிரியரைக் குறை சொல்லவும் இடமில்லை. நாட்டின் இலக்கணம் சொல்லும் அதிகாரத்துக்கு வரும்போது, விளைவுக்கு வரும் கேடுகளை வரிசைப்படுத்துகிற அவர் மிகுபெயலையும் பெயலின்மையையும் சேர்த்தே சொல்கிறார். வடநூலார் அதிவிருஷ்டி, அநாவிருஷ்டி என்று தொடங்கி, எலி, விட்டில், கிளி, அரசரின் படை என்று அடுக்கும் ஈதிபாதைகளும் இவையே.

ஏட்டில் இரட்டைப் பிள்ளைகள்போல் எப்போதும் சேர்ந்தே எழுதப்பட்டாலும், நெல்வயலுக்குள் இறங்கிய பிறகு இவ்விரண்டின் நடை வேறு, குணம் வேறு. மனிதரின் ஞாபகத்திலும் சர்க்காரின் தஸ்தாவேஜுகளிலும் இவற்றுக்குக் கிடைத்த மரியாதையும் ஒன்றாக இருந்ததில்லை. வறட்சிக்குப் பெயர் உண்டு, வருஷம் உண்டு, கதை உண்டு. மிகுமழைக்கு அவ்வளவு பாக்கியம் கிட்டவில்லை. காவேரிப் படுகையின் பழைய சரித்திரத்தைப் புரட்டுகிறவனுக்கு இந்த ஓரவஞ்சனை கண்ணில் படாமல் இராது.

அந்தப் படுகைக்கு ஒரு விசேஷம் உண்டு. ஆனி, ஆடி மாதங்களில் தஞ்சாவூர்ச் சீமையில் வெயில் கொளுத்திக்கொண்டிருக்கும்போது, இருநூறு மைலுக்கு அப்பால் குடகுமலையில் தென்மேற்குப் பருவமழை பிடித்துக்கொண்டு, அந்த நீர் மைசூர் ராஜ்யத்தைக் கடந்து, மலையிடுக்குகளில் விழுந்து எழுந்து, ஒரு தூறல்கூடக் காணாத வயலுக்குள் புதுப்புனலாக வந்து நுழையும். அந்த நீரில் குறுவை விளைந்து, சம்பா வேர் பிடித்து நின்ற பின்னர், ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை கடலிலிருந்து கிளம்பி அதே வயலின்மேல் வந்து விழும். வருஷத்து மழையில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை, மார்கழி என்ற மூன்று மாதங்களுக்குள் கொட்டித் தீர்ந்துவிடும். ஆகவே அந்தச் சீமைக்காரர்களுக்கு வறட்சி மேற்கிலிருந்து வருவது. வெள்ளம், ஆற்றுப் பிரவாகம் பெருகி வந்த சில வருஷங்கள் நீங்கலாக, கிழக்கிலிருந்து வருவது. ஒன்று கைவிட்டால் மற்றொன்று ஓரளவாவது தாங்கும் என்ற இந்த அமைப்பினால்தான், சுற்றியுள்ள ஜில்லாக்கள் க்ஷாமத்தில் வெந்த காலங்களிலும் தஞ்சாவூர் தன் பத்தாயத்தின் அடியைக் காணாமல் தப்பித்தது. இரண்டும் போட்டி போட்டுக்கொண்டு கொடுக்கத் தொடங்கும் வருஷங்களுக்கு மட்டும் அது விடை காணவில்லை.

தண்ணீர் இல்லாமல் நெற்பயிர் சாகிற விதம் மிக நிதானமானது. தூர் கட்டும் பருவத்தில் பாய்ச்சல் தவறினால், முதலுக்குப் பதினைந்து இருபது தூர் வெடிக்க வேண்டிய இடத்தில் ஐந்தாறோடு நின்றுபோகும். இலைகள் நடுப்பகலில் உள்ளுக்குள் சுருண்டு ஊசிபோல் நிற்கும்; பொழுது சாய்ந்ததும் விரிந்துகொள்ளும். அந்த விரிவு இருக்கும்வரை விவசாயிக்கு நம்பிக்கை இருக்கும். விடிந்த பிறகும் சுருள் அவிழாமல் நிற்கக் கண்ட அன்றைக்குத்தான் அவன் மண்வெட்டியைச் சார்த்தி வைக்கிறான். எல்லாவற்றிலும் கொடியது பொதிப் பருவத்தின் கடைசிப் பத்து நாளும் பூக்கிற நாளும் ஆகும். அப்போது ஈரம் அற்றுப்போனால் கதிர் முழுவதும் வெளியே வராமல் அடிப்பாகம் பொதிக்குள்ளேயே சிக்கிக்கொள்ளும். வெளிவந்த பூக்களிலும் மகரந்தம் உயிரற்றுப் போயிருக்கும். பால் பிடிக்காத அந்த நெல்லுக்குத்தான் சாவி என்று பெயர். விளைந்த கதிர் தலை குனியும்; சாவியான கதிர் குனியாது. தூரத்தில் வரப்பில் நின்று பார்த்தாலே வெள்ளை வெளேரென்று நிமிர்ந்து நிற்பது தெரியும். ஒரு கதிரை உருவி உள்ளங்கையில் தேய்த்தால் இரண்டு உமிகள் ஒன்றோடொன்று உரசும் ஓசை கேட்குமே தவிர, நகத்துக்கு ஒன்றும் தட்டுப்படாது.

இந்தச் சாவி என்ற சொல் களத்துமேட்டிலிருந்து நேராகக் கச்சேரிக்குள் போய்ச் சிரஸ்தாரின் கணக்கில் உட்கார்ந்துகொண்டது ஒரு வேடிக்கை. ரயத்துவாரி முறை வேரூன்றிய பிறகு, ஜமாபந்தியின்போது தீர்வையில் வஜா கேட்பதற்கென்று ஏற்பட்ட தலைப்புகளில் தரிசு ஒன்று, சாவி ஒன்று. வெள்ளைக்காரத் துரைகள் அந்தச் சொல்லை இங்கிலீஷ் எழுத்தில் அப்படியே எழுதிக்கொண்டார்கள். பலநஷ்டம் என்றொரு பொதுப் பெயரும் உண்டு. கர்ணத்துக்குச் சாவியைக் கண்டறிவது சுலபம். குதிரைமேல் வருகிற தாசில்தாருக்கும் அது சாலையிலிருந்தே தெரியும். மிகுநீரின் சேதமோ அப்படித் தெரிவதில்லை. தண்ணீர் வடிந்து பத்து நாளில் அழுகின தூரின் பக்கத்திலிருந்து புதுப் பச்சை கிளம்பி, பார்வைக்கு வயல் ஒரு குறையுமின்றி இருக்கும். அறுத்துப் போரடிக்கும்போதுதான் மாவுக்கு எத்தனை கலம் குறைந்தது என்பது தெரியவரும். அதற்குள் கணக்கு முடிந்திருக்கும். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நஷ்டம் கண்டால்தான் நிவாரணம் என்று நிர்ணயித்திருக்கும் இந்நாளிலும், எந்த நாளில் வந்து எந்தக் கண்ணால் பார்ப்பது என்ற பழைய வழக்கு அப்படியே இருக்கிறது.

பஞ்சத்தின் சரித்திரம் கல்லிலேயே எழுதப்பட்டது. சோழநாட்டுத் திருப்பாம்புரத்தில் 1201ஆம் ஆண்டுச் சாசனம் ஒன்று, நெல் விலை ஏறிப்போன பஞ்சத்தில் பட்டினிச் சாவிலிருந்து தப்புவதற்காக ஒரு வேளாளன் தன்னையும் தன் இரண்டு பெண்களையும் 110 காசுக்குக் கோயிலுக்கு அடிமையாக விற்றுக்கொண்டதைச் சொல்கிறது. ஆறு பாயும் நாட்டிலேயே இப்படி என்றால், வானம் பார்த்த பாண்டிநாட்டுச் செய்தி வேறாக இருக்க நியாயமில்லை. பன்னிரண்டு வருஷம் மழையின்றிப் போனதும், பாண்டியன் தன் புலவர்களையெல்லாம் இனிக் காக்க இயலாது என்று வெளியே அனுப்பியதும், மழை பெய்த பின் அவர்களைத் தேடி ஆள் விட்டதும் இறையனார் களவியல் உரையின் பீடிகையாகவே அமைந்துவிட்டன. ஏழு பிள்ளைகளோடு கிணற்றில் விழுந்த நல்லதங்காளின் கதையிலும் அவளைப் பிறந்தகத்துக்கு நடக்க வைத்தது பஞ்சம்தான். தமிழ் தெரிந்த எந்தப் பாட்டிக்கும் அந்தக் கதை தெரியாமல் இருந்ததில்லை.

இவற்றுக்கெல்லாம் சிகரம் வைத்தது 1876ஆம் ஆண்டில் தொடங்கின தாது வருஷப் பஞ்சம். இரு பருவமழைகளும் அடுத்தடுத்துப் பொய்த்து, பல்லாரி முதல் சேலம், கோயம்புத்தூர், மதுரை வரை சென்னை ராஜதானியில் லட்சக்கணக்கான ஜனங்கள் மாண்டார்கள். நிவாரண வேலைக்கு வந்து கல் உடைக்கும் ஆணுக்கு நாளைக்கு ஒரு பவுண்டு தானியமும் சிறிது காசும் போதும் என்று ஸர் ரிச்சர்டு டெம்பிள் வரையறுத்ததும், அந்தக் கூலி அவர் பெயராலேயே வசைச் சொல்லாக நிலைத்ததும் அப்போதுதான். சிவகங்கைச் சமஸ்தானப் புலவர் வில்லியப்ப பிள்ளை அதே பஞ்சத்தைப் பரிகாசமாகப் பாடிப் பஞ்சலட்சணத் திருமுக விலாசம் என்று ஒரு நூலே செய்தார். அழுது தீராததைச் சிரித்துத் தீர்க்கிற துணிச்சல் எல்லாருக்கும் வாய்ப்பதில்லை. அந்த வருஷங்களில் தஞ்சாவூர் மிராசுதாருக்குக் குறையொன்றுமில்லை. ஆற்றில் வந்த நீருக்கு விளைந்த நெல்லுக்கு, கண்டறியாத விலை கிடைத்தது. அந்த நெல்லை விளைவித்த பண்ணையாளின் வயிற்றுக்கு அதே விலைதான் எமனாக வந்தது. 1880இல் பஞ்சக் கமிஷனின் அறிக்கையும், அதன்பின் மாகாணந்தோறும் பஞ்சச் சட்டக்கோவையும் வெளிவந்தன. மழை எத்தனை அங்குலம் குறைந்தால், நெல் விலை எவ்வளவு ஏறினால், சிறு திருட்டுகள் எவ்வளவு பெருகினால் பஞ்சம் நெருங்குகிறது என்று ஜோஸ்யம் சொல்லும் சாஸ்திரமே உண்டாயிற்று.

மிகுநீருக்கு இத்தகைய சாஸ்திரம் உண்டாகவில்லை. அதற்குக் கிடைத்ததெல்லாம் மண்வெட்டியும் கூடையுந்தான். மதுரையில் வையை பெருகிக் கரை உடைந்தபோது வீட்டுக்கு ஓர் ஆள் வந்து தன் பங்குக் கரையை அடைக்க வேண்டுமென்று பாண்டியன் பறைசாற்றியதையும், ஆளில்லாத வந்தியின் பங்குக்குச் சொக்கநாதரே கூலியாளாக வந்து பிட்டைத் தின்றுவிட்டு மண் சுமந்ததையும் திருவிளையாடற் புராணம் சொல்கிறது. பஞ்சக் கதைகளில் ஜனங்கள் ஊரைவிட்டு நடக்கிறார்கள். வெள்ளக் கதையில் ஊரோடு நின்று கரையை அளந்து பங்கு பிரித்துக்கொள்கிறார்கள். இந்தப் பங்கு புராணிகரின் கற்பனையில் பிறந்தது என்று எண்ணிவிடலாகாது. குடிமராமத்து என்று ஊர்தோறும் வழங்கிய ஏற்பாட்டின் சாயல்தான் அது. பஞ்சத்துக்குச் சட்டக்கோவை ஏற்படுவதற்கு இருபது வருஷங்களுக்கு முன்பே, 1858இல், ஆற்றங்கரையோ ஏரிக்கரையோ உடையும் தருணத்தில் கிராமத்து உழைப்பாளிகள் வந்து வேலை செய்தே தீரவேண்டும் என்று சென்னை ராஜதானியில் கட்டாய உழைப்புச் சட்டம் ஒன்று போட்டார்கள். பஞ்சத்தில் சர்க்கார் குடியானவனுக்குக் கஞ்சி கொடுக்கக் கடமைப்பட்டது. வெள்ளத்தில் குடியானவன் சர்க்காருக்கு உடம்பைக் கொடுக்கக் கடமைப்பட்டான். சொக்கநாதர்மேல் விழுந்த பிரம்படி எல்லார் முதுகிலும் பட்டதாகப் புராணம் சொல்வதில் ஏதோ ஒரு நியாயம் இருக்கத்தான் செய்கிறது.

கல்லணையைப் பற்றிப் பேசுகிறவர்கள் கரிகாலன் தண்ணீரைத் தேக்கி வைத்தான் என்று சொல்வதைப் பல மேடைகளில் கேட்டிருக்கிறேன். அந்த அணைக்குப் பின்னால் நீர்த்தேக்கம் என்று சொல்லத்தக்கது எதுவும் கிடையாது. முக்கொம்பில் காவேரி இரண்டாகப் பிரிந்து, வடக்கே தாழ்ந்த மட்டத்தில் கொள்ளிடமாகவும் தெற்கே உயர்ந்த மட்டத்தில் காவேரியாகவும் ஸ்ரீரங்கத் தீவைச் சுற்றிக்கொண்டு மறுபடி நெருங்கி வரும் இடத்தில், மேட்டு ஆற்று நீர் பள்ளத்து ஆற்றில் விழுந்து வீணாகிவிடாதபடி தடுப்பதும், வெள்ளக் காலத்தில் மிஞ்சியது மேலே வழிந்து கொள்ளிடத்துக்குள் போய்விடும்படி விடுவதுமே அந்தக் கட்டடத்தின் தொழில். கொள்ளிடம் என்ற பெயரே, வெள்ளத்தைக் கொள்ளும் இடம் என்று ஜனங்கள் பொருள் சொல்லும்படி அமைந்திருக்கிறது. ஆயிரம் அடிக்குமேல் நீளமாய், நாற்பது முதல் அறுபது அடி அகலமாய், பாம்புபோல் வளைந்து, ஆற்று மணலில் சாந்து பூசாத கற்களைப் போட்டுப் போட்டு எழுப்பின அந்தத் தடுப்பு, குறைவையும் மிகுதியையும் ஒரே சமயத்தில் மனத்தில் வைத்துச் செய்யப்பட்டது. அப்படி இரண்டையும் ஒருசேர நினைத்த புத்தி பின்னால் வந்தவர்களுக்கு எப்போதும் வாய்க்கவில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கொள்ளிடத்தின் படுகை ஆழமாகிக்கொண்டும் காவேரியின் தலைப்பு மணல் மேடிட்டுக்கொண்டும் வந்து, தஞ்சாவூர் வயல்களுக்குத் தண்ணீர் வருஷத்துக்கு வருஷம் சுருங்கிற்று. ஆர்தர் காட்டன் 1836இல் முக்கொம்பில் கொள்ளிடத்தின் குறுக்கே மேலணையைக் கட்டினார். இளகிய மணலில் அஸ்திவாரம் போடும் வித்தையைக் கல்லணையிடமிருந்தே கற்றுக்கொண்டதாக அவரே ஒப்புக்கொண்டவர். மேலணையின் பலன் எதிர்பார்த்ததற்கு மேலாகவே கிட்டியது. காவேரியில் நீர் மளமளவென்று பெருகி, அதன் படுகை அரித்து ஆழமாகத் தொடங்கி, இப்போது கொள்ளிடத்துக்குப் பதிலாகத் தஞ்சாவூரே வெள்ளத்தில் அமிழ்ந்துவிடுமோ என்று அஞ்சும்படியாயிற்று. பத்து வருஷத்துக்குள் காவேரியின் தலைப்பிலும் ஒரு தடுப்பைப் போட்டு, கொடுத்ததில் பாதியைத் திருப்பி வாங்கவேண்டி வந்தது. குறைவுக்குச் செய்த வைத்தியம் மிகுதி என்ற வியாதியைக் கொண்டுவந்து விட்டதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

1924ஆம் ஆண்டைக் காவேரிக் கரையில் ஒருவரும் மறந்ததில்லை. அவ்வருஷம் பிப்ரவரியில் மைசூரும் சென்னையும், ஆற்றில் வரும் நீர் போதாத காலங்களில் யாருக்கு எவ்வளவு என்ற சச்சரவைத் தீர்த்து, ஐம்பது வருஷத்துக்குப் பிறகு மறுபரிசீலனை என்ற நிபந்தனையோடு உடன்படிக்கை எழுதிக்கொண்டன. மை காய்ந்து ஆறு மாதம் ஆவதற்குள், ஜூலையில், அந்த ஆறு ஒருவரும் அதுவரை அளந்திராத பெருவெள்ளத்தைக் கொண்டுவந்து இரண்டு கரையையும் உடைத்துக்கொண்டு ஓடிற்று. உடைப்பு எடுத்த இடங்களிலெல்லாம் வயலின்மேல் மணல் ஏறிக் குன்றுபோல் நின்றது. வண்டல் ஏறினால் அது வயலுக்கு எருவாகும். மணல் ஏறினால் அந்த நிலம் ஒரு தலைமுறைக்கு நெல்லுக்கு ஆகாது, கூலி கொடுத்து வாரிக் கொட்டினாலொழிய. மேட்டூர் அணையின் வழிபோக்கியை வகுத்தவர்கள் வினாடிக்கு நாலரை லட்சம் கன அடிக்கு மேற்பட்ட அந்த வெள்ளத்தையே அளவாக வைத்துக்கொண்டார்கள்.

1934 ஆகஸ்டில் மேட்டூர் திறக்கப்பட்டது. 120 அடி மட்டமும் 93 டி.எம்.சி.க்குச் சற்று மேற்பட்ட கொள்ளளவும் உடைய அந்தத் தேக்கம், ஆற்றின் வரவை ஜூன் 12ஆம் தேதி என்ற ஒரு நாளோடு முடிச்சுப் போட்டுவிட்டது. அதற்குமுன் ஆற்றை நம்பியிருந்த விவசாயி, அதன்பின் காலண்டரை நம்பத் தொடங்கினான். கல்லணைக் கால்வாய் வழியாகவும் வடவாறு வழியாகவும் புதிதாக மூன்று லட்சம் ஏக்கர் அளவில் பாசனம் விரிந்தது. ஒருபோகமாகக் கிடந்த பல இடங்களில் குறுவையும் தாளடியுமாக இருபோகம் ஏறிற்று. வறட்சிக்கு எழுப்பிய கோட்டை என்றே அதைச் சொல்லவேண்டும். ஆனால் ஜூனில் விதைத்த குறுவை புரட்டாசிக் கடைசியிலும் ஐப்பசி முதலிலும் அறுவடைக்கு வருகிறது. வடகிழக்குப் பருவமழை வருகிற நாளும் அதுதான். கதிர் முற்றி அரிவாளுக்குக் காத்திருக்கும் நெல்லை நேரே மழையின் வாயில் கொண்டுபோய் வைக்கும் ஏற்பாடு அங்கே தானாகவே விரிந்துகொண்டது. ஆற்று நீரோடு வந்துகொண்டிருந்த வண்டலில் பெரும்பகுதி தேக்கத்திலேயே தங்கிப்போனது தனி நஷ்டம்.

மிகுநீர் பயிரைக் கொல்லும் விதத்தில் நிதானம் கிடையாது. நெல் தண்ணீரில் வாழும் பயிர்தானே என்று அதை அறியாதவர்கள் நினைப்பார்கள். வேருக்குக் காற்றைக் கொண்டுபோகும் குழல்கள் அதன் தண்டில் இருப்பதால் அது தண்ணீரில் நிற்கிறது என்பதே உண்மை. நுனி மூழ்கிவிட்டால் அந்தக் குழல்களால் பிரயோஜனம் இல்லை. காற்றில் பரவுவதைவிடப் பதினாயிரம் பங்கு மெதுவாகவே பிராணவாயு தண்ணீரில் பரவும். மூழ்கின பயிர் வெளிச்சத்தையும் காற்றையும் தேடித் தன் சேமிப்பையெல்லாம் செலவழித்து நெட்டுயிர்த்து நீளும். தண்ணீர் வடிந்ததும் நிற்கத் திராணியற்றுச் சாய்ந்துவிடும். பூக்கும் நாளில் பெய்தால் வேறு விதம். நெற்பூ முற்பகலில் ஒன்று, ஒன்றரை மணி நேரந்தான் திறந்திருக்கும். அந்த நேரத்தில் விழும் மழை மகரந்தத்தைக் கழுவிக்கொண்டு போனால் அந்த மணி பிறகு எவ்வளவு வெயில் கண்டும் பால் பிடிக்காது. அப்படிப்பட்ட ஈரமான பருவத்தில்தான் கதிரில் மஞ்சளும் பச்சையுமாக நெற்பழம் காய்க்கும். அது பூஞ்சைக் காளான் என்று சாஸ்திரிகள் சொன்னாலும், நல்ல மழையும் நல்ல விளைவும் உள்ள வருஷத்தில் தலைகாட்டுவதால் அதற்கு லட்சுமி நோய் என்று பெயர் வைத்த மனிதனின் மனத்தை என்னவென்று சொல்வது! நோயிலும் லட்சுமியைக் காண விவசாயியைத் தவிர யாருக்கு வரும்?

மன்னார்குடிக்குத் தெற்கே உறவினர் ஒருவரின் களத்தில் ஐப்பசி மாதம் ஒரு காலைப்பொழுதில் நான் கண்டதை இன்றும் மறக்கவில்லை. நான்கு நாள் அடைமழை விட்டிருந்தது. அறுத்துக் கட்டின குறுவைக் கட்டுகளைக் களத்தின் மேட்டில் அடுக்கிக் கீற்றும் பாயும் போர்த்தியிருந்தார்கள். என் உறவினர் ஒரு கட்டை இழுத்து நடுவே கையை விடச் சொன்னார். உள்ளே சோறு வெந்து இறக்கின பானையைத் தொட்டாற்போல் சூடு. வெளியே எடுத்த கதிரில் ஒவ்வொரு மணியின் நுனியிலும் வெள்ளையாக ஒரு முளை, எறும்பின் தலையளவு, சிலவற்றில் பச்சை ஊசியே கிளம்பியிருந்தது. நாற்றங்காலில் கண்டால் கையெடுத்துக் கும்பிடத்தக்க அந்தக் காட்சியைக் கதிரில் கண்டபோது அவருடைய சம்சாரம் முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போய்விட்டார். அந்த நெல்லைக் கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டுபோனால், 17 சதவீதத்துக்கு மேல் ஈரம் என்று கருவி சொல்லும். தளர்வு உத்தரவு வரும்வரை சாலையோரத்தில் உலர்த்திக்கொண்டு நாய்க்கும் லாரிக்கும் காவல் இருக்கவேண்டியதுதான். தை மழை தவிட்டுக்கும் ஆகாது என்பது பழமொழி. ஐப்பசி மழையின் கணக்கு குறுவை பெருகிய பிறகு அதோடு சேர்ந்துகொண்டது.

1960களில் ஆடுதுறை ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வந்த ஏ.டி.டி. 27 குறுகிய காலத்தில் நிறைய விளைந்து தஞ்சாவூரைக் கிறுகிறுக்க வைத்தது. அந்த ரகத்துக்கு விதை உறக்கம் என்ற குணம் இல்லை. முற்றியவுடன் ஈரம் பட்டால் முளைத்துவிடும். பழைய ரகங்கள் முற்றின பிறகும் சில வாரம் எழுப்பினாலும் எழாமல் தூங்கிய காரணம் அப்போதுதான் பலருக்கு விளங்கிற்று. அறுவடைக்கு முன் உப்புக் கரைசலைக் கதிர்மேல் தெளிக்கும்படி யோசனை சொல்லப்பட்டது. நெல்லைக் காப்பாற்ற உப்பு தெளிக்கிற காலம் வந்துவிட்டதே என்று கிழவர்கள் தலையில் அடித்துக்கொண்டிருப்பார்கள்.

அந்தக் கிழவர்களின் பத்தாயத்தில் இரண்டு ஆபத்துக்கும் தனித்தனி விதை இருந்தது. மடுமுழுங்கி என்று ஒரு நெல்லின் பெயரே, மடுவையும் விழுங்கி நிற்கும் என்ற தைரியத்தில் வைத்தது. தண்ணீரோடு போட்டியிட்டு வளரும் ஒட்டடையான், கடலோரத்து உவர் மண்ணையும் காய்ச்சலையும் தாங்கும் குழிவெடிச்சான் என்று இடத்துக்கு ஒன்றாக வைத்திருந்தார்கள். விளைவு குறைவுதான், ஒப்புக்கொள்கிறேன். அவற்றை வானளாவப் புகழ்வது இப்போதைய நாகரிகமாகி வருவதில் எனக்கு முழுச் சம்மதமில்லை. வயிறு நிறைய விளைந்த புது ரகங்களை யாரும் வேண்டாவெறுப்பாக நடவில்லை. விஞ்ஞானிகளும் பழைய இடத்துக்கே திரும்பி வந்து, ஒரிஸா நாட்டு நெல் ஒன்றிலிருந்து ஒரு குணத்தை எடுத்து, சி.ஆர். 1009 என்ற சம்பா ரகத்தில் ஏற்றியிருக்கிறார்கள். அந்தப் பயிர் மூழ்கியவுடன் நீள முயலாமல் மூச்சடக்கி அப்படியே கிடக்கும். இரண்டு வாரம் வரை பொறுத்திருந்து, தண்ணீர் வடிந்தபின் சேமிப்பைக் கொண்டு துளிர்க்கும்.

வடிந்தபின் என்றேன். வடிய வேண்டுமே. பாசனம் பற்றி நம்மவர் எழுதிய ஏடுகள் மலைபோல் உண்டு. வடிகாலைப் பற்றி எழுதினவர்கள் குறைவு. தலைமடையில் உள்ளவன் வடிய விட்ட நீரெல்லாம் கடைமடைக்காரனின் வயல் வழியாகத்தான் கடலுக்குப் போகவேண்டும். அரிச்சந்திரா நதி, அடப்பாறு, வளவனாறு, முள்ளியாறு என்று புராணமும் ஊரும் கலந்த பெயர்களைத் தாங்கிய கீழ்ப்படுகையின் ஆறுகள் ஆடியில் பாசன வாய்க்காலாகவும் கார்த்திகையில் வடிகாலாகவும் வேலை பார்ப்பவை. கடல் மட்டத்துக்குச் சற்றே உயர்ந்த தரையில், நீரோட்டத்துக்கு வாட்டம் என்பதே கண்ணுக்குத் தெரியாத அளவு. அமாவாசை, பௌர்ணமிப் பெருக்கில் கடல் எதிர்த்து நின்றால் முகத்துவாரத்தில் நீர் அப்படியே திகைத்து நிற்கும். மணல் மேடும், வெங்காயத்தாமரையும், நெய்வேலிக் காட்டாமணக்கும் எஞ்சிய வழியையும் அடைத்துக்கொள்ளும். மேட்டூரில் நீர் குறைந்த வருஷம் முறைப்பாசனம் வந்தால், தன் முறை வந்து சேருவதற்குள் தண்ணீர் தீர்ந்துபோவதும் இந்தக் கடைமடைக்காரனுக்குத்தான். காய்ந்து கெடுக்கிற தெய்வத்துக்கும் பெய்து கெடுக்கிற தெய்வத்துக்கும் அவன் ஒருவனே உபயதாரன்.

வேதாரணியம் போகும் வழியில் அத்தகைய ஒருவரைச் சந்தித்தேன். எழுபதைத் தாண்டியவர். மாட்டுக்கொட்டகையில் சுவரோரம் சார்த்தி வைத்திருந்த ஒரு பலகையை என் கண் தேடிப் போனதைக் கவனித்து, “மதகுப் பலகைங்க, அப்பா காலத்துது, வேங்கை” என்றார். வாய்க்காலிலிருந்து அவர் வயலுக்குப் பிரியும் மடையின் காடியில் அதை இறக்குவார். ஆடி, ஆவணியில் நீர் வரும் இரவுகளில், மேல்பக்கத்துக்காரர் யாரும் அதை அடைத்துவிடாதபடி கோணியை விரித்துக்கொண்டு அதன் பக்கத்திலேயே படுப்பார். கார்த்திகையில் அதே வாய்க்கால் நிறைந்து வயலுக்குள் ஏறப் பார்க்கும். அப்போது பலகையை அழுந்த இறக்கி, இடுக்கில் வைக்கோலும் களிமண்ணும் திணித்து, குடையோடு உட்கார்ந்திருப்பார். மேற்கே பார்த்த முகத்தில் ஒரு விதமாகவும் கிழக்கே பார்த்த முகத்தில் ஒரு விதமாகவும் மரம் அரித்து வரி வரியாய் நரம்பு எழும்பியிருந்தது.

“வருஷா வருஷம் ரெண்டு பக்கமும் தார் பூசிடுவேன் தம்பி. இந்தத் தடவை கையில இருந்ததுக்கு ஒரு பக்கத்துக்குத்தான் கிடைச்சுது.”

எந்தப் பக்கம் பூசினீர்கள் என்று கேட்டேன். அவர் பலகையைத் திருப்பி, கிழக்கே பார்க்கும் முகத்தைக் காட்டினார்.